நூற்று எழுபத்தொரு நடை

அது புல் இல்லை என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
கப்பலில் சுருட்டி வந்த நீலம்.
தூத்துக்குடியில் இறங்கி, நாலு டிரைலர் ஏறி,
புதுவயல் ரோட்டுப் புளியமரங்களில்
ஏழு கிளையைக் கழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.
"தண்ணி நல்லாக் குடிக்கும்" என்றார்
சூப்பர்வைசர் சவரிராயன்,
கறவை மாட்டைக் கைமாற்றுகிறவர் போல.

புல் இல்லாததற்கு எதற்குத் தண்ணீர்?
பந்து வழுக்க வேண்டுமாம்.
விழுந்தால் முட்டி தேயக் கூடாதாம்.
ஆட்டத்துக்கு முன் ஒரு குளிப்பு,
இடைவேளையில் ஒரு குளிப்பு.
பதினாறு நாட்டுப் பெண்கள், பதினொரு நாள் ஹாக்கி.
என் வண்டி பன்னிரண்டாயிரம் லிட்டர்.
பெருக்கிப் பார்க்க எனக்கு வராது.
நடைக்கு ஒரு மஞ்சள் சீட்டு, அது வரும்.

தண்ணீர், சேவுகன் செட்டியார் தோப்புப் போரில்.
அவர் ஈப்போவில் இருக்கிறார்.
மோட்டார் இங்கே இருக்கிறது.
நானூறடியில் வந்துகொண்டிருந்தது;
ஐந்தாம் நாள் அறுநூறுக்கு இறக்கினார்கள்.
பக்கத்துக் கொல்லையில் மிளகாய் வைத்த பஞ்சவர்ணம்
வரப்பில் நின்று
என் டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
திட்டியிருந்தால் பதிலுக்கு
நானும் எதையாவது சொல்லியிருப்பேன்.

வாசலில் பச்சை எழுத்து: பசுமைப் போட்டி.
கையில் கணினிப் பலகையோடு ஒரு பெண் வந்து
எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு டீசல் என்று கேட்டாள்.
பயப்படாதீர்கள்,
உங்கள் புகைக்கு ஈடாக
மரம் நட்டாகிவிட்டது என்றாள்.
எந்த ஊரிலம்மா?
விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.
அந்தக் கட்டம் அதில் இல்லை.

எட்டாம் நாள் ராத்திரி.
விளக்குப் போட்டால் காரைக்குடி வரைக்கும்
வானம் வெளுத்துக் கிடக்கும்.
ஈசல் மூட்டை மூட்டையாய் விழும்.
இடைவேளைக் குளிப்பு முடிந்து
தரை பளபளவென்று நின்றபோது
தெற்கேயிருந்து ஒரு நத்தைகுத்தி நாரை
காலை நீட்டிக்கொண்டு இறங்கிற்று.
கண்மாய் என்று நினைத்திருக்கும்.
அரை விரற்கடைத் தண்ணீர்.
பந்து எப்படி வழுக்க வேண்டுமோ
அப்படியே வழுக்கியது.

கைதட்டினார்கள். ஆயிரம் போன் எழுந்தது.
நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார்.
காலில் மெத்தை கட்டிய கோல் காக்கிறவள்
மண்டியிட்டு
தன் நாட்டுத் துண்டில் அதைச் சுற்றி எடுத்தாள்.
புறப்பட நின்றது என் வண்டி ஒன்றுதான்.
கிளீனர் சீட்டில் வைத்தார்கள்.

ஆவாரங்கண்மாய்க்கு ஓட்டினேன்.
ஐப்பசியில் அடித்துப் பெய்ததுதான்,
மழைக்குக் குறை சொல்ல முடியாது.
ஆனால் வரத்துக்காலை மூடித்தான்
கார் நிறுத்தம் போட்டிருக்கிறார்கள்;
அதற்குக் கிராவல் அடித்தது என் மச்சான் டிப்பர்;
அவனுக்கு வேலை சொல்லிவிட்டது நான்.
ஹெட்லைட்டில் கண்மாய்
பாளம் பாளமாய்த் தெரிந்தது.

வண்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன் என்று
இந்த இடத்தில் சொன்னால் நன்றாக இருக்கும்.
வண்டி காலி.
அத்தனையும் அங்கே நீலத்துக்கு ஊற்றியாயிற்று.
வால்வில் சொட்டியதன் அடியில்
துண்டோடு வைத்தேன்.
அலகை மூடாமல் பார்த்தது.
நத்தைகுத்திக்கு அலகு மூடினாலும்
நடுவில் இடைவெளி இருக்கும் என்பது
அப்போதுதான் தெரிந்தது.
அதற்குள் சவரிராயன் போன்:
அடுத்த குளிப்புக்கு நேரமாகிறது.

விடிந்து போனபோது துண்டு கிடந்தது.
பறந்ததா, நரியா.
அந்த நடையைக் 'காலி' என்று எழுதி
காசு பிடித்துக்கொண்டார்கள்.

கோப்பை எந்த நாட்டுக்குப் போனதென்று
நான் கவனிக்கவில்லை.
நீலம் இங்கேயே கிடக்கிறது.
நனைக்க ஆளில்லாமல், சித்திரை வெயிலில்
இழை இழையாய்க் கழன்று
காற்றடித்தால் வேலி தாண்டுகிறது.

நேற்று பஞ்சவர்ணம் வண்டியை மறித்தாள்.
உள்ளங்கையில் ஆட்டுப் புழுக்கை நாலைந்து.
ஒன்றைப் பிட்டுக் காட்டினாள்,
உள்ளே நீல நூல்.
"இது எந்த நாட்டுது?" என்றாள்.